ஒன்ஸ்மோருக்கான இடைவெளி

ஊபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
கீழே கார்க் கதவுக்குச் சாயம் அடிக்கிறார்கள்,
அந்த வாடையும் எங்களோடு லிஃப்டில் ஏறி வருகிறது.
ஜன்னலில்லாத அறையில்
ஒரு பூக்காரி பாடிக்கொண்டிருக்கிறாள்,
காலையிலிருந்து நாற்பத்தோராவது தடவையாக.

பூக்காரியில்லை, மாறுவேடத்தில் வந்த அரசி.
அரசியுமில்லை,
கோமளாம்பிகை என்றொரு நாடகக்காரி.
கப்பலேறி இந்த ஊருக்கும் வந்து
கேளிக்கைப் பூங்காவின் தகரக் கொட்டகையில்
பதினோரு இரவு பாடித் தீர்த்த பாட்டைத்தான்
பிறகு படத்துக்கும் பாடினாள்.
மேடையில் முக்கால் மணி நேரம்.
படத்தில் நாலு நிமிடம், பத்து விநாடி.

என் வேலை சப்டைட்டில்.
வரிக்கு முப்பத்தேழு எழுத்து,
மேலே போனால் திரை கொள்ளாது.
அவளோ ஒரே ஒரு ‘வா’வைப்
பதினாறு விநாடி இழுக்கிறாள்.
அதற்குள் கெஞ்சல் இருக்கிறது, அதட்டல் இருக்கிறது,
நடுவில் ஹார்மோனியக்காரரை ஒரு சீண்டலும்.
நான் தட்டியது
ஆங்கிலத்தில் நாலே எழுத்து.

ஒலியைச் சுத்தம் செய்கிறவன் ரிட்வான்.
தமிழ் தெரியாது,
அவள் எங்கெங்கே மூச்சு வாங்குகிறாள் என்று தெரியும்.
“இங்கே ஒரு டொக். எடுத்துடவா?”
தோட்டம். வாழை நிஜம், நிலா காகிதம்.
புல்தரையில் கால் மாற்றி நிற்கிறாள்,
பலகை டொக் என்கிறது.
எந்த ஊர்த் தோட்டத்தில் புல்லுக்கடியில் பலகை?
சிரித்தோம்.
டொக்கை விட்டுவைத்தோம்.

கேமரா மூக்குத்திவரை கிட்டே வந்துவிட்டது,
அவளிடம் யாரும் சொல்லவில்லை போல.
கண் இன்னும் கடைசி பெஞ்சில்தான்.
குரலும் அவனுக்குத்தான்,
வேர்க்கடலைத் தோலை ஊதியபடி
பாதித் தூக்கத்தில் இருக்கிறானே, அவனுக்கு.
எதிரே நிற்கும் வாயிற்காவலன் வெறும் சாக்கு.
அத்தனை அருகில் அத்தனை பெரிய குரல்
கொஞ்சம் அபத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன்.
நான் விழுந்ததே அந்த அபத்தத்தில்.

பிறகு அந்த இடம்.
முதல் சரணத்தை முடித்து
தலையை இம்மி சாய்த்து
நிற்கிறாள்.
ஐந்து விநாடி.
தபேலாவும் நிற்கிறது.
கூடையில் ஒரு மல்லிகைச் சரம் மட்டும் ஆடுகிறது.

“ரீல் அறுந்திருக்கு,” என்றான் ரிட்வான்.
அறுந்ததில்லை. ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிவிட்டேன்.
கைதட்டலுக்கு விட்ட இடம்,
எவனாவது எழுந்து ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்துவதற்கு.
ஸ்டுடியோவில் யார் கத்துவது?
லைட் பிடித்தவனுக்கு
வாயை மூடியிருக்கத்தான் சம்பளம்.
இயக்குநர் ஏன் வெட்டவில்லை, தெரியாது.
மறந்திருக்கலாம்.
அவளுக்குப் பயந்திருக்கலாம்.

விழாக்குழுவிலிருந்து மின்னஞ்சல்:
அந்த மௌனத்தை நீக்கிவிடுங்கள்,
பார்ப்பவர்கள் கோளாறென்று நினைப்பார்கள்.
பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்.
கோளாறு இல்லை. பாட்டில் அதுவும் சேர்த்தி.

சனிக்கிழமை, பிராஸ் பசா பக்கம் சின்ன அரங்கு.
அறுபத்திரண்டு பேர். ஏசி மிதமிஞ்சி,
ஒருவர் சால்வையோடு வந்திருந்தார்.
டொக் வந்தது,
ரிட்வான் என் முழங்கையை இடித்தான்.
சரணம் முடிந்தது, தலை சாய்ந்தது.
ஒன்று. இரண்டு.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
மூன்று.
பின்வரிசையில் ஒரு போன் ஒளிர்ந்து அணைந்தது.
நான்கு.
அவள் அவசரப்படவில்லை.
மழையில் பாதிக் கொட்டகை காலியான இரவுகளிலும்
இப்படித்தான் நின்றிருப்பாள்.
ஐந்து.

என் கைகள் எழுந்தபோது
அரை விநாடி தாமதம்.
ஆனாலும் தட்டிவிட்டேன், தனியாக, சத்தமாக.
பிறகு ரிட்வான்.
பிறகு எதற்கென்றே தெரியாமல் அந்தச் சால்வைக்காரர்.
அதற்குள் அவள் அடுத்த அடிக்குப் போய்விட்டாள்,
முதல் சொல் எங்கள் சத்தத்தோடு போயிற்று.

திரைக்கடியில் மட்டும், வெள்ளை எழுத்தில்,
போன செவ்வாய் ராத்திரி நான் தட்டி வைத்தது:
கேட்டதா உனக்கு?