பதினாறு மில்லிமீட்டர்

அறைகளைப் பெரிதாக்குவது என் வேலை.
சுவரோடு முதுகை ஒட்டி
மூச்சை உள்ளே பிடித்து
பதினாறு மில்லிமீட்டர் லென்ஸை நீட்டினால்
கட்டில் நீளும், மூலைகள் விலகும்,
சன்னலே இல்லாத இடத்தில்கூட
விடிந்துவிட்டது போலிருக்கும்.
சில்லிம் பகுதியில் நாளுக்கு ஏழு அறைகள்.
குளியலறைக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கிறது என்றால்
மூடி வைத்து எடு என்பார் தரகர் பியோ.
மூடி வைத்து எடுக்கிறேன்.

இரவு நான் திரும்பும் அறை
முன்னூற்றுப் பதினேழு.
படுத்தால் கால்கள் மேசைக்கு அடியில் போய்விடும்.
தூக்கத்தில் முழங்காலை மடக்கினால்
மேலே டம்ளர் சரியும்.
சன்னல் உள்ள அறைக்கு
மாதம் ஐம்பதாயிரம் வொன் கூடுதல்.
வெளிச்சத்தின் விலையைக் கேட்டுக்கொண்டேன்,
பேரம் பேசவில்லை.
சோறு மட்டும் இலவசம்.
பொதுச் சமையலறையில் குக்கர் எந்நேரமும் சூடு;
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
அள்ளிக்கொண்டு போவோம்.

சுவர் என்பது பெயருக்குத்தான்.
பக்கத்து அறைக்காரரை நான் பார்த்ததில்லை,
அவர் தும்மினால் என் தூக்கம் தும்முகிறது.
அவர் அலாரம் ஐந்து நாற்பதுக்கு.
அது மூன்றாம் முறை அடிக்கும்போது
நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன்,
அவர் குறட்டை விடுவார்.

அறையைக் காட்டு, அறையைக் காட்டு என்று
சம்சொக்கிலிருந்து அம்மா ஆறு மாதமாய்.
ஒரு ஞாயிறு
ஈரத் துணிகளைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு
நடைவழிக்குப் போய்
எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டினேன்.
பழக்கதோஷம்.

பதில் வந்தது:
'தோ-ஹ்வா, இவ்வளவு பெரிசா!
எதுக்கு இந்த வீண்செலவு?
கண் ஆபரேஷனுக்கு சோல் வரணும்,
ஒரு வாரம் உன்னோடயே இருந்துக்கறேன்.'

ஒற்றைக் கண்ணில் கட்டோடு
ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள்.
சில நாளைக்குத் தூரம் சரியாகத் தெரியாது,
கையால் துழாவி நடங்கள் என்று
சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
கதவைத் திறந்துவிட்டேன்.
அம்மா இரண்டு கைகளையும் விரித்தாள்.
இரண்டு உள்ளங்கைகளும்
இரண்டு சுவர்களில் பட்டன.
அப்படியே நின்றாள்,
பேருந்தில் நிற்பவள்போல.

படத்தைப் பற்றிக் கேட்பாள் என்று
செருப்பைக் கழற்றாமல் காத்திருந்தேன்.
'டாக்டர் நல்லாத்தான் செஞ்சிருக்கார்,' என்றாள்.
'எல்லாம் கிட்டத்துல தெரியுது.'

கட்டில் அவளுக்கு.
தரையில் நான், கதவுக்கு என் பாதங்கள் தாழ்ப்பாள்.
விருந்தாளிக்கு இரவொன்றுக்குப் பத்தாயிரம் வொன் என்று
நிர்வாகி சீட்டு எழுதிக் கொடுத்ததை
அவளிடம் சொல்லவில்லை.
அவளும் இருட்டில்
கொண்டுவந்த காய்ந்த கணவாயை
எங்கே வைப்பது என்று கேட்கவில்லை;
தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.
அறை முழுக்கக் கடல் நாறியது.

ஐந்து நாற்பது.
ஒருமுறை. இரண்டுமுறை.
மூன்றாம் முறை அடித்ததும்
அம்மா சுவரைத் தட்டினாள்,
விரல் கணுவால், நம் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
'தம்பி, வேலைக்கு நேரமாச்சு பாரு.'

எனக்கு மூச்சு நின்றது.
இரண்டு வருடத்தில் இந்தச் சுவரோடு
யாரும் பேசியதில்லை.

அலாரம் நின்றது.
கட்டில் கிறீச்சிட்டது.
என் காதுக்கு ஒரு சாண் தள்ளி
தூக்கம் கலையாத, வயதான ஒரு குரல்:
'இதோ, எந்திரிச்சிட்டேம்மா.'