ஜன்னல் காலம்

புதுக்கோட்டை நம்பிக்கை மையத்தில்
என் பெயர் தெய்வானை.
வயதில் இரண்டைக் குறைத்தேன்,
அதற்குக் காரணம் ஒன்றுமில்லை.
தொழில் என்ற கட்டத்துக்கு
"வீட்லதான் இருக்கேன்" என்றதும்
அந்தப் பெண் தலை தூக்காமல் எழுதிக்கொண்டாள்.
நானும் அப்படித்தான் எழுதுவேன்,
தேவகோட்டையில்,
பதினோரு ஆண்டுகளாக.

தெரியாதவள் இல்லை நான்.
பயிற்சி முடிவில் வைத்த தேர்வில்
இருபதுக்கு இருபது.
கொசு கடித்தால் வராது.
ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது.
ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது.
இந்தக் கடைசி வரிக்கு மட்டும்
மேசையைத் தட்டுவேன்,
லாரி கிளீனர்களிடம்,
கல்யாணச் சமையலுக்கு ஊர் ஊராகப் போகிறவர்களிடம்,
சிங்கப்பூர் மெடிக்கலுக்கு முன்னால்
ரகசியமாக ஒருமுறை பார்த்துக்கொள்ள வருகிறவர்களிடம்.

செவ்வேளை நான் பார்த்தேன்,
சொல்லிவிட்டேன்.

மருந்தாளுநர்.
ஆணுறைப் பெட்டிகளின் இருப்புப் பதிவேடு
அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது.
வரவு, செலவு, மீதம்:
மாதக் கடைசியில் ஒன்றுகூட உதைக்காது.

கானாடுகாத்தானில் அவர் சித்தப்பா
சாவி வைத்துக் காவல் பார்க்கும் வீடு.
செட்டியார் குடும்பம் வருவது
எப்போதாவது ஒரு படைப்புக்கு.
அறுபத்துச் சொச்சம் ஜன்னல்கள்.
ஒன்றை மட்டும் திறந்தோம்,
வௌவால் வாடை போக.

அன்று என் கைப்பையில் மூன்று இருந்தன,
விளக்கிக் காட்டுவதற்கானவை.
அவர் சட்டைப்பையில் இருந்ததா, தெரியாது.
எடுத்தால்
"என்ன அப்படி நெனச்சிட்டியா" என்பாரென்று நான்.
எடுத்தால்
"எப்பவும் கையிலயே வச்சிருப்பீங்களோ" என்பேனென்று
அவரும் நினைத்திருக்கலாம்.
யூகம்தான். பேசியதில்லை.
படித்தவர்கள் இருவர்
ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதை.
பிறகு நாலைந்து முறை.

ஆனியில் ஒரு பெண் வந்தாள், பள்ளத்தூர்ப் பக்கம்.
முடிவைச் சொன்னேன்.
அழவில்லை.
மேசைமேல் இருந்த டப்பாவில்
ரப்பர் பேண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"அவரு ஆஸ்பத்திரி ஆளுங்க.
அவருக்குத் தெரியாததா?"
எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்,
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

அதனால் புதுக்கோட்டை.

பொய் எந்தக் கேள்வியில் வரும் என்பது
எனக்கு அத்துப்படி.
மூன்றாவது.
அந்த இடத்தில் எல்லோரும் எதையாவது திருகுவார்கள்.
நான் டோக்கன் சீட்டைத் திருகினேன்.
"எங்க வீட்டுக்காரர் மட்டும்தான்."
இல்லாத வீட்டுக்காரர்.

மர மாதிரியை எடுத்து வைத்தாள்.
காலாவதித் தேதி பார்த்தாள், சரி.
ஓரத்தில் கிழித்தாள், சரி.
நுனியைக் கிள்ளிக் காற்றை விட மறந்துவிட்டாள்.
நாக்கு நுனிவரை வந்தது.
முதன்முறை பார்க்கிறவள்போல
வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.
என் அறையில் எத்தனை பேர்
இப்படி எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருப்பார்கள்?

இல்லை என்று வந்தது.
"ஆனா ஜன்னல் காலம்னு ஒண்ணு இருக்குக்கா,
மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ" என்றாள்.
"அப்படியா" என்றேன்.

திருமயம் தாண்டும்போதுதான் உறைத்தது,
செவ்வேளுக்கு வாய்த்தவள் பெயரையா
கொடுத்துவிட்டு வந்தேன்!
பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்க்கும்படி
சிரித்துவிட்டேன்.

மறுநாள் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீள வரிசை.
ஊழியர் என்று முன்னால் போகாமல் நின்றேன்.
எனக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை,
பிரஷர் மாத்திரை,
குழந்தைக்கு இருமல் மருந்து.
என் முறை வந்ததும்
"என்ன மேடம்?" என்றார்,
ஆள் இருக்கும்போது அழைக்கிற குரலில்.

"சீட்டு இல்ல.
மதியத்துக்குள்ள எங்க அறைக்கு ஒரு நடை வாங்க.
ரத்தம் எடுக்கணும், உங்களுக்கு."

பின்னால் யாரோ செருமினார்கள்.
அவர் குனிந்து பதிவேட்டைப் புரட்டினார்,
மீதம் எவ்வளவு என்று
பார்ப்பவர்போல.