வரிசை எண் நாற்பத்தேழு

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது
கனகசபை வக்கீலின் மடிக்கணினி போனது.
அதில் நூற்றுச்சொச்சம் கட்சிக்காரர்களின்
ஆதார், பட்டா, ஒருத்தியின் காயங்களின் படம்.
“நம்மதையும் பூட்டிரு” என்றார் தவமணி மேடம்.
வியாழன் ராத்திரி பூட்டினேன்,
முழு வட்டையும்.
விழுக்காடு ஏற ஏற
கொசுவர்த்தி சுருண்டு குறைந்தது.

வெள்ளி காலை எட்டேகால்.
கறுப்புத் திரை. ஒரே ஒரு வரி: கடவுச்சொல்.
அடித்தேன். தப்பு என்றது.
ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தப்பு.
கேப்ஸ் லாக் பார்த்தேன்,
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்,
முறுக்குத் துணுக்கு ஒன்று விழுந்தது.
அப்புறமும் தப்பு.

ஜன்னலில் யானைமலை
எப்போதும்போல் படுத்துக் கிடந்தது.
எதைச் சொல்லியும் எழுப்ப முடியாத ரகம்.

பத்தரைக்குக் கோர்ட் கூடும்.
கொட்டாம்பட்டி பேச்சியாயி,
மகன் ஜாமீனுக்குக் கூடுதல் அபிடவிட்டில்
கைநாட்டு வைக்க வந்தவள்,
வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு நின்றாள்.
“மிசினு கோவிச்சுக்கிருச்சா?”
உட்காருங்க என்றேன். உட்காரவில்லை.

நெல்பேட்டை மைதீனுக்குப் போன் போட்டேன்.
“வட்டு நல்லாத்தான் இருக்கும்க்கா.
பதறி எதையும் அழிச்சிராதீங்க.
என்ன வார்த்தை வச்சீங்க?”
சொல்ல மாட்டேன்.
“சொல்ல வேணாம். எந்த மொழியில வச்சீங்க?”
தமிழில்தான்.
ரகசியத்தை வேறு எதில் வைப்பது?

போனில் கொஞ்ச நேரம்
பரோட்டாக் கல்லின் சத்தம் மட்டும்.
“அக்கா, அது கண்ணு முழிக்கிறப்ப
அதுக்குத் தமிழ் தெரியாது.
முழுசா எந்திரிச்ச பிறகுதான் தெரியும்.
எந்திரிக்கிறதுக்கோ உங்க தமிழ் வேணும்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
ரோட்டுக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான்.
பேச்சியாயி மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னதை
ஆங்கிலமாக்கித்தான் உள்ளே அனுப்புகிறோம்,
கடைசி வரியில்
‘தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது’ என்று,
அதையும் ஆங்கிலத்திலேயே.

டிராயரில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில்,
மைதீன் எப்போதோ தந்த பென்டிரைவ்.
செருகிக் கிளப்பினேன்.
யாருடையதோ போல் ஒரு திரை,
என் படங்கள் இல்லை, என் கோப்புகள் இல்லை.
விசைப்பலகையை மட்டும் தமிழுக்கு மாற்றி
பூட்டிய வட்டின் முன்னால் நின்று
அதே வார்த்தையை அடித்தேன்.
புள்ளி, புள்ளி, புள்ளி.

திறந்தது.

“இப்ப இன்னொரு சாவி சேருங்க, இங்கிலீஷ் எழுத்துல.
பழசும் கெடக்கட்டும்.
ஒரே பூட்டுக்கு ஏழெட்டுச் சாவி போடலாம்க்கா.
ஆனா ரெண்டையும் தொலைச்சா
நானில்ல, எவன் வந்தாலும் ஒண்ணும் நடக்காது.”

ஒன்பது ஐம்பதுக்கு
பிரிண்டர் ஏழு பக்கத்தைச் சூடாகத் துப்பியது.
“என்னம்மா எழுதியிருக்கு?” என்றாள் பேச்சியாயி.
வழக்கமாக இரண்டு வார்த்தையில் முடிப்பேன்.
அன்றைக்கு வரி விடாமல் தமிழில் சொன்னேன்.
மகன் பெயர் வந்த இடத்தை மட்டும்
இன்னொருக்க வாசிக்கச் சொன்னாள்.
நீல மையைத் தலையில் துடைத்துக்கொண்டு
மேடம் பின்னால் ஓடினாள்,
செருப்பை மறந்து.

புதுச் சாவியை உறையிலிட்டு
மேடம் பீரோவில் வைத்தாயிற்று.
பழையதை யாரும் கேட்கவில்லை.
இரண்டு வருஷமாக
நான் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயர் அது.
அன்று காலை மட்டும்
பதினோரு தடவை அடித்திருக்கிறேன்.
பத்துத் தடவை, தப்பு என்றது.