கேட்கப்படாதவள்

மழைநீர்தான் வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றினால் செல்லாது.
கூரையில் விழுந்தது, மனிதக் கை படாமல்
தானே இறங்கித் தொட்டி சேரவேண்டும்.
ரொசாரியோவில் அந்த வருஷம் ஐந்து மாதம் மழையில்லை.
பரானா ஆறு கரையை விட்டு விலகிப் படுத்திருந்தது.
மார்ச் பதினொன்று, இரவு, கொட்டியது.
ஏன் அன்றைக்கு, எனக்குத் தெரியாது.
இருட்டில் நின்று
தகரக் குழாயில் அது இறங்கும் சத்தத்தைக் கேட்டேன், அவ்வளவுதான்.

கிரிசெல்தா ஏப்ரலில் வந்தாள்,
இரவுப் பணி முடித்த நர்ஸ், கண்ணில் தூக்கத்தோடு.
நகச்சாயம் சுரண்டி, மோதிரம் கழற்றி,
பல்லிடுக்குவரை சுத்தம் செய்துகொண்டு.
முதுகில் ஒட்டியிருந்த ஒற்றை முடியை நான் எடுத்தேன்.
இருபத்தாறு வருஷமாக என் வேலை இது:
முதுகுகளைப் பார்ப்பது, சரி என்பது.

கதவுக்கு அப்பால் மூன்று பேர்.
நடுவில் ரப்பி எஃப்ரோயிம், ஆஸ்துமாக்காரர்.
மூன்று முறை அவளைத் திருப்பி அனுப்பியவர்.
கழுத்தளவு நீரில் நிற்பவளைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டார்:
"இப்போதும் போகலாம், அம்மா.
போன சனிக்கிழமை அடுப்பு மூட்டினாய், குற்றமில்லை.
வருகிற சனிக்கிழமை மூட்டினால் குற்றம்.
எங்களைக் கண்டால் உலகத்துக்கு எவ்வளவு ஆத்திரம், தெரியுமா?"
"தெரியும்."
"தெரிந்துமா?"
நீர் அவள் தாடையைத் தொட்டு விலகியது.
"தெரிந்துதான்."

முதல் முழுக்கு செல்லவில்லை. கை கம்பியை விடவில்லை.
"பிடியை விடு. காலையும் எடு.
எதையும் தொடாத ஒரு கணம் போதும்."
நீச்சல் தெரியாதாம்.
இரண்டாவதில் முடி மிதந்தது.
மூன்றாவதில் விட்டாள்.
விட்டவளை நீர் என்ன செய்கிறது என்று பார்த்தேன்.
ஒன்றும் செய்யவில்லை. வைத்திருந்தது.
"கோஷேர்!" என்றேன்.
குரல் உடைந்ததை இருமி மறைத்தேன்.

சிப்போரா என்று பேர் வைத்துக்கொண்டாள்.
பறவை என்று அர்த்தம்.
என் பேர் ஃபெய்கே. இத்திஷில் அதுவும் பறவைதான்.
அவளிடம் சொல்லவில்லை.

என்னை யாரும் கேட்டதில்லை.
தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நுகத்தடி சாத்தியிருந்தது.
மலையடிவாரத்தில் எல்லாரும் சரி என்றபோது
பிறக்காத நானும் நின்றிருந்தேன் என்கிறார்கள்.
நினைவில்லை.
விளக்கேற்று என்றார்கள், ஏற்றினேன்.
பால் வேறு, இறைச்சி வேறு என்றார்கள், பாத்திரங்களைப் பிரித்தேன்.
நஃப்தூலே இறந்த வருஷம்
ஒரே ஒரு சனிக்கிழமை வானொலியைத் திருகினேன்.
கால்பந்து. இடி விழவில்லை.
அவர் அணி இரண்டுக்கு ஒன்று தோற்றது;
தண்டனை என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்,
மேலே இருப்பவர் அவ்வளவு மலிவானவர் இல்லை.
நான் திருகுவேன் என்று
உலகத்தைச் செய்வதற்கு முன்பே அறிந்திருப்பார்.
அறிந்தும் கையைப் பிடிக்கவில்லை.
அந்தச் சும்மா இருத்தல்
இடியைவிட அதிகமாக என்னை நடுக்கியது.

எல்லாரும் போனபின் துண்டுகளைப் பிழிந்து போட்டேன்.
தரையைத் துடைத்தேன். இருட்டிவிட்டது.
விதவைக்கு இந்த நீரில் கடமை எதுவும் இல்லை.
செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை.
வாழ்நாளில் இப்படி ஓர் இடத்தில் நின்றதில்லை,
எந்தக் காலை முன்னே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.
கம்மலைக் கழற்றிச் சோப்புத் தட்டில் வைத்தேன்.
ஏழு படி.
முதுகை யாரும் பார்க்கவில்லை, முடி இருந்தால் இருக்கட்டும்.

"இப்போதும் போகலாம், அம்மா,"
ரப்பியின் மூச்சிரைப்போடு எனக்கு நானே சொன்னேன்.
போகலாம்தான்.
கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது.

கம்பி குளிர்ந்திருந்தது.
சுண்டுவிரல் முதலில் விட்டது,
கட்டைவிரல் வெகுநேரம் அடம்பிடித்தது.
மார்ச் மாத மழை
என் இரண்டு காதுகளையும் மூடியது.