ஐந்து மணிச் சந்தி

ஆமர் வீதிச் சந்தியில்
ஆறு மணிக்கே நிற்கத் தொடங்குவோம்.
மட்டப்பலகையோடு மஹ்றூப், மண்வெட்டியோடு பியதாச.
தூரிகையைப் பழைய பேப்பரில் சுற்றிக்
கக்கத்தில் இடுக்கியிருப்பவன் நான்,
பெயின்ட் பாஸ் கஸ்பார்.
லொறி வந்து நிற்கும்போது
ஒருவரையொருவர் தெரியாதவர் ஆகிவிடுவோம்.
ஏறுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை.
ஏறிய நாட்களில் நானும் பார்த்ததில்லை.

சீமெந்து விலை ஏறிய வருஷம்
சுவர்கள் பாதியில் நின்றன.
பாதிச் சுவருக்கு எவன் பூசுவான் வெள்ளை?
பிலோமினா சங்கிலியைச்
செட்டியார் தெருவில் அடகு வைத்தாள்.
சிலுவையை மட்டும் கழற்றி
கறுப்பு நூலில் கோத்துக்கொண்டு
"இதுக்கு நிறை பார்க்க வேண்டாம்"
என்றாளாம் கடைக்காரனிடம்.

ஞாயிறு பூசையில் அந்த உவமை.
திராட்சைத் தோட்டக்காரர் சந்திக்கு வருகிறார்,
விடியலில், ஒன்பதுக்கு, மத்தியானம்,
கடைசியில் மாலை ஐந்து மணிக்கும்.
ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்.
அவர்கள் சொன்ன பதில்
என் வாயிலிருந்து எடுத்தது போல் இருந்தது.
சின்ன வயதில் இதைக் கேட்டு
காலையில் வந்தவர்களுக்காகக் கோபப்பட்டிருக்கிறேன்.
இந்தமுறை கோபம் வேறு.
கோவில் வாசலில் சுவாமியை மறித்துக் கேட்டேன்:
"ஆமர் வீதிக்கு ஐந்து மணிக்கு யார் வருகிறார்?
மழை வரும். பொலிஸ் வரும்.
வேறு?"
இளம் சுவாமி, மன்னார்ப் பக்கம்.
"தெரியாது, கஸ்பார் அண்ணை" என்றார்.
அவரிடம் பதில் இல்லாதது
எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
நுளம்புத்திரியின் சிவப்புப் புள்ளி
இருட்டில் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனது.
நான் செபமாலை சொல்லவில்லை, சண்டை பிடித்தேன்.
ஆண்டவரே, நீர் தச்சன்.
நீரும் எங்காவது கூலிக்கு நின்றிருப்பீர்தானே?
உம்மையும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்தானே?
சொல்லி முடித்ததும் வாயடைத்துப் போனேன்.
இத்தனை நாளும்
தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று
கழுத்து நோகப் பார்த்திருக்கிறேன்.
இந்தப் பக்கத்தில், எங்களோடு,
என் தோளில் தோள் இடிபட
அவரும் நின்றிருந்தால்?

திங்கட்கிழமையும் வேலை இல்லை.
அற்புதம் ஏதும் நடக்கவில்லை.
வீட்டுக்குப் போய்
பிலோமினாவின் கேத்திலைத் தூக்கிக்கொண்டு
ஐந்து மணிக்குச் சந்திக்குத் திரும்பினேன்.
இஞ்சி இடித்த பிளேன்டீ.
சீனி ஆளுக்குக் கொஞ்சம், உள்ளங்கையில்.
எஞ்சி நின்றவர் ஏழுபேர்.
"என்ன விசேஷம், பாஸ்?" என்றான் பியதாச.
"ஒன்றுமில்லை. ஐந்து மணி" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
எனக்கும் அப்போது முழுக்க விளங்கியதென்று
சொல்லமாட்டேன்.

மூன்றாம் கிழமை
மஹ்றூப் அரை றாத்தல் பாண் கொண்டுவந்தான்.
இஞ்சி கூடிவிட்டதென்று ஒருவன் குறை சொன்னான்.
ஒரு நாள் கேத்தில் கைபிடி கழன்று
தேத்தண்ணீர் முழுதும் காலில் கொட்டியது.
அன்றைக்குக் கெட்ட வார்த்தையும் சொன்னேன்,
ஐந்து மணிக்கே, எல்லோர் முன்னாலும்.

ஐப்பசியில் மோதறையில் ஒரு மதில் வந்தது,
உப்புக்காற்று தின்ற நீள மதில்.
"ரெண்டுபேர் போதும், உடனே ஏறு" என்றார்கள்.
படியில் கால் வைத்தவன்
திரும்பிப் பார்த்தேன்.
ஓரத்தில், பஸ் தரிப்பிடத் தூணோடு ஒட்டிக்கொண்டு
பெயர் தெரியாத ஒரு பொடியன்.
நேற்று வந்தவனாக இருக்கும்.
"வா" என்றேன்.
"பெயின்ட் அடிக்கத் தெரியாதே."
"சுரண்டத் தெரியுமா?
பழையதைச் சுரண்டாமல்
அந்த மதிலில் வெள்ளை நிற்காது. ஏறு."