உடைந்தவை

பிளஸ் டூ செய்முறை வகுப்புக்கு முன்
குடங்களில் தண்ணீர் பிடித்து வைப்பது என் முதல் வேலை.
திருப்பூரில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர்
ஐந்து நாளைக்கு ஒருதரம்.
கண்ணில் தெறிக்கிற ஆசிட்
அதுவரைக்கும் காத்திருக்காது.

சிவப்பு வாளி மணலைச் சலித்தேன்.
இரண்டு மிட்டாய்த் தாள், ஒரு பேனா மூடி,
பூனை விட்டுப்போன சங்கதி.
தீப்பிடித்தால் இதைத்தானே அள்ளி வீச வேண்டும்.

மேசை டிராயரில் ரப்பர் பேண்டு ஒரு கைப்பிடி,
பர்னர் பக்கம் குனிகிற ஜடைகளுக்கு.
ஓவியாவுக்குத் தினமும் ஒன்று தருகிறேன்,
தினமும் தொலைக்கிறாள்.
அவளுக்கு முந்தின செட்டில் ஒருத்தியின் ஜடை நுனி
கருகின வாசனை
இன்னும் என் மூக்கில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

சுவரில் விதிகள் எழுதிய பலகை.
வாயால் உறிஞ்சாதே. முகர்ந்து பார்க்காதே.
வெறுங்கையால் தொடாதே.
கீழே, உபயம்: ஏதோ டையிங்ஸ்.
பேர் பாதி உரிந்துவிட்டது.

"ஆசிட்டைத்தான் தண்ணியில ஊத்தணும்,
தண்ணியை ஆசிட்டுல ஊத்தக் கூடாது.
மெதுவா, ஓரமா, சொட்டுச் சொட்டா"
சார் ஆரம்பித்தார்.
கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
"நொய்யல்ல அப்படித்தானுங் சார் ஊத்தறாங்க.
என்ன, சொட்டுச் சொட்டா இல்லீங்."
வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார்.
நான் பிப்பெட் எண்ணிக்கொண்டிருந்தேன்,
எண்ணிக்கை தவறிவிட்டது.

குரல் தரணீசுடையது.
அவன் விரலைப் பார்த்துவிட்டு
"காப்பர் சல்பேட்டைத் தொட்டியா, போய்க் கழுவு" என்று
போன மாதம் கத்தியிருக்கிறேன்.
கழுவினான். சோப்புப் போட்டும் கழுவினான்.
போகவில்லை.
அது ஞாயிற்றுக்கிழமை நீலம்,
சாயப்பட்டறையில் அப்பனோடு நின்ற நீலம்.
அடுத்த வாரம் சிவப்பாக வந்தான்.

மணி அடித்து எல்லோரும் போனபின்
கழுவின சோதனைக்குழாயையே
திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றான்.
"ஏனுங்க்கா, அந்தக் கையுறையெல்லாம்
பழசானா என்ன பண்ணுவீங்க?"
"எதுக்குடா?"
"அப்பா, காஸ்டிக் சோடாவை..."
முடிக்காமல்
தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்,
அது அப்பாவுடையது என்பதுபோல.

அலமாரியில் மூன்று ஜோடி.
மூன்றும் அரசாங்கத்துடையது, எண் போட்டது.

இருப்புப் பதிவேட்டில் கழித்து எழுத
ஒரே ஒரு பத்திதான் உண்டு: உடைந்தவை.
சோதனைக்குழாய், நான்கு.
பீக்கர், இருநூற்றைம்பது மில்லி, ஒன்று.
கையுறை, ரப்பர், முழங்கை நீளம்,
ஒரு ஜோடி.

ரப்பர் எப்படிம்மா உடையும் என்று
தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.
கேட்கட்டும்.
மார்ச் வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கிறது.

திங்கட்கிழமை
தரணீசின் விரல்கள் பச்சை.
நான் கழுவச் சொல்லவில்லை.
அலமாரியில் இன்னும் இரண்டு ஜோடி.