இரண்டடித் தொட்டி

தேனப்பன் என் கடைக்கு வந்தபோது
தொட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்.
இரண்டடி. மதுரையில் தள்ளுபடியாம்.
இனி மீன்தான் பாக்கி என்றார்,
தாலி வாங்கியாயிற்று, பெண்தான் பாக்கி என்பதுபோல.

கைபேசியில் பட்டியல்:
ஆஸ்கர் ஒன்று, தம்பி மகன் சாத்தப்பனுக்கு.
ஏஞ்சல் இரண்டு, அவர் மனைவிக்கு.
சென்னையிலிருந்து வந்துபோகும் சித்தப்பா வீட்டுக்குக்
கோடுபோட்ட கன்விக்ட் ஒரு ஜோடி.
மலாவி மஞ்சள் ஐந்து, யாருக்கென்று எழுதவில்லை.
எல்லாம் சிக்லிட்தானே, ஒரே வம்சம், என்றார்.

அதுதான் சிக்கல், என்றேன்.

செக்காலை ரோட்டில் பதினாறு வருஷமாக
இப்படிச் சொல்லிச் சொல்லியே
பாதி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான்.
பேச ஆரம்பித்தால்
கல்லாவில் இருக்கும் சவரிராஜ் ரேடியோவைக் கூட்டுவார்.

இன்றைக்கு இந்த ஆஸ்கர் தீப்பெட்டி நீளம்.
அடுத்த பங்குனிக்கு ஒரு சாண் தாண்டும்.
அவன் வாய்க்குள் நுழைந்தால் சாப்பாடு,
நுழையாவிட்டால் சொந்தம்.
வேறு பொருத்தம் அவன் பார்ப்பதில்லை.
ஏஞ்சலின் துடுப்பு நூலாய்த் தொங்கும்,
கன்விக்ட் ஒரே ராத்திரியில் கொய்துவிடும்.
அதிலும் அந்த ஜோடி முட்டையிட்டால்
தொட்டியில் முக்கால்வாசி அவர்கள் பேரில் பட்டா.
மலாவிக்காரருக்கோ தண்ணீரே வேறு.
உங்கள் போர் தண்ணீரின் உப்பு அவர்களுக்குச் சர்க்கரை,
ஏஞ்சலுக்குக் கஷாயம்.

மூச்சு வாங்கியது.
ரேடியோவில் யாரோ மழை வராது என்றார்கள்.

தேனப்பன் சிரித்தார்.
பள்ளத்தூரில் எங்கள் வீட்டை வந்து பாருங்கள்.
பதினோரு புள்ளி, ஒரே கூரை.
நூறு வருஷமாக யாரும் யாரையும் தின்னவில்லை.

ஒரே கூரை, சரி.
ஒரே உலையா?

பதில் இல்லை.
காற்றுக்குழாயின் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மெதுவாக,
பொங்கலுக்கும் பானை பதினொன்று, என்றார்.

இரண்டடியில் கன்விக்ட் ஜோடி மட்டும் போதும்,
பிள்ளைகுட்டியோடு ராஜாங்கம் பண்ணும்.
நாலடி என்றால் ஏஞ்சல் ஆறு, கூட ராம் ஒரு ஜோடி.
ஆறடி என்றால் ஆஸ்கர் இரண்டு, வேறு ஆள் வேண்டாம்.
ஏதாவது ஒன்று, அண்ணே.
எல்லாருக்குமாக ஒரு தொட்டியை
இதுவரை யாரும் கண்ணாடியில் ஒட்டவில்லை.

யாரிடம் போய் உனக்கு இல்லை என்பேன்,
கேட்டுவிட்டு எழுந்து போனார்.
நான் விற்கவில்லை.
புதுக்கோட்டையில் விற்றார்கள்.

ஆடியில் கூப்பிட்டார், போனேன்.
வளவின் மூலையில், ஆத்தங்குடிக் கல்மேல், தொட்டி.
உள்ளே ஒரே ஒரு மீன்.
சாம்பல் நிறம், தடித்த உதடு,
பட்டியலில் இல்லாத முகம்.
ஊருணியில் பிடிச்சேன், என்றான் சாத்தப்பன்.
அவனுடைய ஆஸ்கர் எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜிலேபி.
சந்தையில் கூறுபோட்டு விற்கும் அதே ஜிலேபி.
இவனும் சிக்லிட்தான், அதே வம்சம்,
அதையும் சொல்லவில்லை.

இது யார் பங்கு என்று மட்டும் கேட்டேன்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஆனால் நான் நின்ற அரை மணியில்
ஒவ்வொரு அறையிலிருந்தும் யாரோ வந்து
ஒரு சிட்டிகை தீனி தூவிப் போனார்கள்,
முன்னால் வந்தவர் தூவியது தெரியாமல்.
தண்ணீர் கஞ்சியாய்க் கிடந்தது.
கண்ணாடி முட்டிய அவன்
வாலை மடித்துத்தான் திரும்ப முடிந்தது.

இவன் ஒருத்தனுக்கே நாலடி வேண்டும், என்றேன்.

தேனப்பன் உள்ளே போய் டேப் எடுத்துவந்தார்.
ஒரு முனையைச் சாத்தப்பன் பிடித்துக்கொண்டான்.
தூணுக்குத் தூண் அளந்தார்கள்.
ஆறே கால்.
குறித்துக்கொள்ள நான்தான் பேனா கொடுத்தேன்.